மூன்றாவது வட்டு

கூதிர் முதிர்ந்து நின்ற காலம். ஞாயிறு எழுந்தும் ஒளி எழவில்லை. மருத்துவமனைச் சன்னல்களில் வாடை முகம் வைத்து ஈரமாய் மூச்சுவிட்டது. இலை துறந்த மரங்கள் எதையும் வேண்டாத துறவியர்போல் நின்றன.

அக்கட்டடத்தின் சர்வர்களைக் காப்பவருக்கு அன்று ஒரே கவலை. ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியின் தலைக்குள் இருக்கும் கட்டி மருந்துக்கு அடங்குகிறதா என்பதை, நான்கு மாதத்துக்கு முந்தைய ஸ்கேனோடு இன்றையதை ஒப்பிட்டே மருத்துவர் சொல்லவேண்டும். அந்தப் பழைய படம் அவர் காவலில் இருந்தது.

"அண்ணே, படம் திறக்குறதுக்குள்ள நான் வீட்டுக்குப் போய்ச் சமைச்சு வச்சுட்டே வந்துடலாம்," என்றாள் ஸ்கேன் அறைப் பெண்.

"கிண்டல் பண்ணாதம்மா. இன்னைக்கு மதியத்தோட அதுக்கு விடிவு."

படக் களஞ்சியம், மெய்யான கணினிக்குள் மென்பொருளால் புனைந்த ஒரு மெய்நிகர் இயந்திரத்தில் ஓடிய லினக்ஸ் இயங்குதளம். தான் நிழல் என்றறியாத அது, பழங்காலச் சேமிப்பு வட்டு ஒன்றோடு பேசுவதாய் எண்ணியிருந்தது; அடியிலிருந்த மெய்யான கணினியோ, ஒவ்வொரு சொல்லுக்கும் அந்த வட்டாக வேடங்கட்டி ஆடியது. அந்த ஆமை வேகத்தில் காப்பு நகலெடுப்பு ஒருநாளும் முடியாமற்போகவே, ஐந்து மாதமாய் அதை நிறுத்தியே வைத்திருந்தார். மெய்நிகர் இயந்திரங்களுக்கென்றே எழுதிய விர்ட்டியோ டிரைவர் மென்பொருளை இயக்கினால் வேடம் கலையும். இரண்டும் நேருக்கு நேர் பேசும். நகலெடுப்பையும் அன்றே தொடங்கிவிடலாம்.

நண்பகலில் மாற்றினார். இயந்திரம் துள்ளி எழுந்தது. தற்காலிக வேலைக்கான காலி வட்டைத் துடைத்துப் புதிதாய் ஃபார்மட் செய்வது ஒன்றே எஞ்சியது. பழைய அமைப்பில் அது எப்போதும் மூன்றாவது; விரல்கள் பழக்கத்தில் மூன்றாவதையே தட்டின. இதில் ஏற்கெனவே ஏதோ உள்ளது, தொடரவா என்று திரை கேட்டது. காலி வட்டிலும் பழைய குப்பை இருக்குமே என்று, ஆம் என்றார்.

புதிய இணைப்பில் வட்டுகளின் பெயர்கள் செருகிய வரிசைப்படி விழுந்திருந்தன. காலி வட்டை அவர் முந்திச் செருகியிருந்தார். மூன்றாவது, படங்கள் இருந்த வட்டு.

பழைய வழியாயின் அழிவும் ஊர்ந்தே போயிருக்கும். மீட்கச் சிறிது மிஞ்சியிருக்கும். புதிய டிரைவரோ, இவ்விடம் இனி வேண்டாம் என்ற செய்தியை அடிக்கணினிவரை நேரே கொண்டுசேர்த்தது. இரண்டே நொடியில் மீட்க ஒன்றும் மிஞ்சவில்லை.

"என்னண்ணே, இப்பப் பறக்குதா?"

"எல்லாம் போச்சும்மா."

அவள் முகத்துச் சிரிப்பு வற்றியது. "அந்தப் பாப்பாவோடது?"

"அதுவும்."

மருத்துவர் சினக்கவில்லை, அதுவே கொடிதாய் இருந்தது. "ஒப்பிட ஒண்ணுமில்லன்னா நான் என்னத்தச் சொல்றது? இன்னைக்கு எடுக்குறதோட ஒப்பிட, இன்னும் மூணு மாசம் காத்திருந்துதான் பாக்கணும். அந்த மூணு மாசம் அவளுக்கு இருக்கான்னு மட்டும் என்னைக் கேக்காதீங்க."

சிறுமியின் தாயிடம் சர்வர் காப்பவர் தாமே போய்ச் சொன்னார். மடியில் உறங்கும் மகளின் தலையிலிருந்து அவள் கையை எடுக்கவில்லை.

"எங்க கையில ஒரு படங்கூடக் குடுக்கலையேங்க," என்றாள்.



நடைக்கூடத்தின் கோடியில், யாரும் வராத திருப்பத்தில், காலணியைக் கழற்றிவிட்டுக் குளிர்ந்த தரையில் நின்று கைகுவித்தார். தமக்கென ஒன்றும் கேட்கவில்லை. இளமையில் மனனம் செய்த துதியொன்று நாவில் தானே எழுந்தது. குரல் உடைந்த இடத்திலும் நிறுத்தாமல், அதை அக்குழந்தையின் பொருட்டுச் சொல்லி முடித்தார்.

நோய் நின்னைவிட்டு அகல்க, மகளே. நெடுநாள் வாழ்க. நின் தாய் கண்துயில்க.