தானாக என்ற கட்டம்

குழந்தைகளுக்கான அந்தச் சிகிச்சை மையத்தில் எல்லோருக்கும் அவள் உதவியாளர் அக்காதான். பதினோரு வருட வேலை. நான்கு மையங்களுக்கும் சேர்த்து தெரபிஸ்ட் மேடம் ஒருவர்தான். மூன்று வாரத்துக்கு ஒருமுறை வந்து, எந்தக் குழந்தைக்கு என்ன பயிற்சி என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார். மற்ற நாட்களில் அதைச் செய்ய வைப்பது அக்கா. பயிற்சியை மாற்றவோ கருத்து சொல்லவோ அவளுக்கு அதிகாரம் கிடையாது. கண்ணால் பார்த்ததைத் தாளில் குறிக்க வேண்டும், அவ்வளவுதான். தாளில் மூன்று கட்டங்கள்: தானாக, கைப்பிடித்து, முடியவில்லை.

சிட்டுவுக்கு ஐந்து வயது. நடை தாமதமாக வந்த பிள்ளை. சுவரோரம் இருந்த மூன்று மரப்படிகளில் ஏறி இறங்குவதுதான் அவளுக்கு முக்கியமான பயிற்சி. நான்கு மாதத்தில் நன்றாகத் தேறினாள். கம்பியைப் பிடிக்காமல் உச்சிப் படியில் நின்று, எதிரே கண்ணாடியைப் பார்த்து அவள் நாக்கைத் துருத்திய அன்று அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை.

சிட்டுவின் அம்மா தையல் ஆலையில் வேலை பார்த்தாள். சாயங்காலம் மூச்சிரைக்க ஓடி வருபவள் முதலில் பார்ப்பது பிள்ளையை அல்ல, தாளைத்தான். ‘தானாக’வில் டிக் இருந்தால் அதைப் படமெடுத்து, லாரியோடு எங்கோ போய்க்கொண்டிருக்கும் கணவனுக்கு அனுப்புவாள்.

ஐந்தாம் மாதம் ஒரு திங்கட்கிழமை, இரண்டாம் படியில் சிட்டுவின் முழங்கால் மடங்கியது. அக்கா இடுப்பில் கை கொடுத்து ஏற்றிவிட்டாள். சளி பிடித்திருக்கிறது, அதனால்தான் என்று நினைத்தபடி ‘கைப்பிடித்து’ கட்டத்தில் குறித்தாள். அன்று அம்மா செருப்புப் பலகையில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. “போன வாரம்வரைக்கும் ஏறினாளேக்கா” என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

மறுநாளும் முழங்கால் மடங்கியது. அக்கா இரண்டு விரல்தான் கொடுத்தாள். இரண்டு விரலெல்லாம் ஒரு கணக்கா என்று மனம் சொன்னது. ‘தானாக’வில் டிக் போட்டாள். அம்மா முகம் மலர்ந்தது. அதற்கப்புறம் இரண்டு விரல் உள்ளங்கையானது. உள்ளங்கை, அக்குளில் கொடுத்த முழுக்கையானது. டிக் மட்டும் இடம் மாறவில்லை.

மேடம் வந்த அன்று வெளியே ஒன்பது குழந்தைகள் காத்திருந்தன. சிட்டுவின் அம்மாவும் வந்திருந்தாள். மேடம் தாளின் மேல் விரலை ஓட்டினார். “ஒரு நாளத் தவிர எல்லா நாளும் தானாவே ஏறியிருக்கா! வீட்லயும் இனி கைய விட்டுடுங்கம்மா. பிடிச்சுக்கிட்டே இருந்தா அதுவே பழகிடும்.”

“மேடம், சில நாள்ல…” என்று அக்கா ஆரம்பித்தாள்.

“சொல்லுங்கக்கா.”

அம்மா ஏற்கெனவே போனை எடுத்துவிட்டிருந்தாள். கணவனிடம் சொல்லப்போகும் சிரிப்பு உதட்டில் நின்றது.

“ஒண்ணுமில்ல மேடம்.”

மேடம் வந்துபோன ஒன்பதாம் நாள், குடியிருந்த கட்டடத்தின் மாடிப்படியில் சிட்டு உருண்டு விழுந்தாள். மணிக்கட்டு முறிந்தது. ஆஸ்பத்திரியில், தொடைகளில் கையை ஊன்றி ஊன்றி அவள் எழுந்த விதம் டாக்டரை யோசிக்க வைத்தது. பரிசோதனைமேல் பரிசோதனை. தசைகள் கொஞ்சங்கொஞ்சமாக வலுவிழக்கும் நோய் என்றார்கள். நிறுத்த மருந்தில்லை என்றார்கள்.

செய்தி கேட்ட அன்றே அக்கா மேடத்துக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

“நீங்க எழுதினத நான் நம்பினேன்க்கா” என்றார் மேடம். பிறகு, “நானும் ஒரு தடவ ஏத்திப் பாத்திருக்கணும்.”

“முன்னாடியே சரியா எழுதியிருந்தா?”

“வியாதி வந்துதான் இருக்கும். கை ஒடைஞ்சிருக்காது.”

சிட்டுவின் அம்மாவிடம் தானே சொல்வதாக அக்கா கேட்டுக்கொண்டாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்துச் சொன்னாள். அடிப்பாள், கத்துவாள் என்று எதிர்பார்த்துப் போயிருந்தாள். அம்மா போனைத் திறந்து ஒரு படத்தைக் காட்டினாள்.

“இது?”

“கை குடுத்தேன்.”

விரல் அடுத்ததற்குத் தள்ளியது. “இது?”

“குடுத்தேன்.”

“இது?”

“அதுவும்தாம்மா.”

இருபது படங்கள் தாண்டிப் பழையவை வந்தன. “இது?”

“இது நெசம். அன்னிக்குத்தான் மொத மொதல்ல கண்ணாடியப் பாத்து நாக்கத் துருத்தினா.”

அம்மா அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் போனை மடியில் கவிழ்த்தாள். “அவங்கப்பா எல்லாத்தையும் லாரியில எல்லார்கிட்டயும் காட்டிட்டிருக்காருக்கா. எது நெசம், எது பொய்னு நான் அவர்கிட்ட சொல்றது?”



மையத்தில் அவளை வேலையை விட்டு அனுப்பவில்லை, அனுப்பினால் ஆளில்லை. இரண்டு மாதம் வேறொருவர் கூட இருந்து பார்க்க வேண்டும் என்று மட்டும் எழுதி வாங்கிக்கொண்டார்கள். சிட்டுவை ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருந்த மையத்துக்கு மாற்றினார்கள்.

சிட்டுவின் ஃபைலை வாங்க வந்த அன்று அம்மா உள்ளே உட்காரவில்லை. “சிட்டு ஒங்களத்தான் கேக்குறா. நீங்க லீவுன்னு அவகிட்ட சொல்லிவைங்கன்னு இங்க ஆபீஸ்ல சொல்றாங்க. எனக்கு இனிமே பொய் வேணாம்க்கா. நீங்களே வந்து சொல்லிடுங்க.”

வாசலில் வேன் நின்றது. சிட்டு கட்டுப்போட்ட கையோடு முன்சீட்டில் இருந்தாள். அக்கா கதவருகே குனிந்தாள்.

“நான் இனிமே வர மாட்டேன்டா கண்ணு. அங்க வேற அக்கா சொல்லித்தருவாங்க.”

“ஏன்?”

“நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். அதனாலதான் நீ விழுந்த.”

சிட்டு யோசித்தாள். “நீ தள்ளவே இல்லையே?”

“இல்லடா.”

“அப்போ நான்தான் விழுந்தேன்” என்றாள், விஷயம் முடிந்துவிட்ட மாதிரி.

அம்மா வேனில் ஏறி, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். வேன் கிளம்பித் திருப்பத்தில் மறையும்வரை அக்கா நின்றாள். உள்ளே அடுத்த குழந்தை அழ ஆரம்பித்திருந்தது. யாரோ அவளைக் கூப்பிட்டார்கள்.