அண்ணன் விற்ற வண்டி

கார் நின்ற இடத்தில் கருப்பாக ஏதோ சொட்டியிருந்ததை முதல்முறை பார்த்தபோது, பக்கத்து வீட்டு பைக்கிலிருந்து ஒழுகியிருக்கும் என்று நினைத்து அதன்மேல் மண்ணைத் தள்ளிவிட்டுப் போய்விட்டாள் கண்ணகி. நான்கைந்து நாள் கழித்து அதே இடத்தில் மறுபடி சொட்டியிருந்தது. குனிந்து விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தாள். எஞ்சின் ஆயில்.

கல்வராயன் மலையில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவள் நர்ஸ். வீடு கள்ளக்குறிச்சியில். ஆறு வருடமாகப் பஸ்ஸில்தான் மலையேறிக்கொண்டிருந்தாள். டூட்டி முடிவதற்குள் கடைசி பஸ் போய்விட்டால், மரவள்ளி மூட்டை ஏற்றி வரும் வண்டிகளில் டிரைவர் பக்கத்தில் ஒண்டிக்கொண்டு இறங்கி வர வேண்டும். அவள் படும் பாட்டைப் பார்த்துத்தான் கணவன் இளஞ்செழியன் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தான். அவன் மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் வேலை பார்ப்பவன். கரும்பு அரவை இல்லாத மாதங்களில் காலியாகக் கிடக்கும் ஆலை மைதானத்தில், நண்பனின் காரை வாங்கிவந்து அவளை ஓட்டவைத்தான். லைசென்ஸ் கைக்கு வந்த வாரமே அவள் அண்ணன் ஆதிமூலம் போன் செய்தார்.

"வெளியில போயி எவங்கிட்டயாவது ஏமாந்துடாத. என் வண்டிய எடுத்துக்க. வூட்டு வண்டி, நான் பாத்துப் பாத்து வச்சிக்கினு இருந்தது."

நைனார்பாளையத்தில் மக்காச்சோளமும் பருத்தியும் போடுகிறவர் ஆதிமூலம். அப்பா இறந்தபின் அவளுக்குச் சீர் செய்தது, பிரசவத்துக்கு அழைத்துப்போனது எல்லாம் அவர்தான். அவர் சொன்னபிறகு வேறு வண்டி பார்க்க அவளுக்குத் தோன்றவே இல்லை. பணத்தைக் கொடுத்து எடுத்துவரும்போது எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தடியில் வைத்து நசுக்கி, அவரே கதவைத் திறந்து உட்காரவைத்து அனுப்பினார்.

ஆயில் ஒழுகுவதைப் பற்றி அவள் முதலில் சொன்னதும் அவரிடம்தான்.

"பழைய வண்டின்னா லேசா கசியத்தான் செய்யும்," என்றார். "கம்மியானா ஊத்திக்க. அதுக்குப் போயி மெக்கானிக்குன்னு போனன்னு வையி, எஞ்சினையே எறக்கணும்பான்."

அவள் ஊற்றிக்கொண்டாள். டிக்கியில் எப்போதும் ஓர் ஆயில் கேன் இருந்தது. காலையில் பானட்டைத் தூக்கி, குச்சியை உருவித் துடைத்து அளவு பார்ப்பது பல் தேய்ப்பதுபோல் ஆகிவிட்டது. இளஞ்செழியன் கேட்டபோதுகூட, "லேசாத்தாங்க கசியுது, அண்ணன் சொல்லிச்சு," என்று முடித்துக்கொண்டாள். கோடை விடுமுறையில் மகன் ஆகாஷைக் கூட்டிக்கொண்டு மலைக்குப் போய்வந்தாள். பிரசவமான ஒரு பெண்ணையும் அவள் பிள்ளையையும் ஊர்வரைக்கும் கொண்டுபோய் விட்டாள். ஒருநாள் கோமுகி அணையைத் தாண்டி மலைப்பாதையில் பாதி தூரம் ஏறியபோது ஆயில் குறைந்ததைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது. ஓரங்கட்டி, எஞ்சின் ஆறும்வரை நின்று, இருந்த ஆயிலை ஊற்றினாள். விளக்கு அணைந்தது. அன்றைக்கு அவள் பயந்தது உண்மை. ஆனாலும் அண்ணன்மேல் ஒரு சந்தேகமும் வரவில்லை.

ஆவணி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மகள் தமிழ்ப்ரியாவைப் பார்க்க நைனார்பாளையம் போனாள். அவளுக்கு எட்டு மாதம் முடியப்போகிறது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். வாசலில் காரை நிறுத்திவிட்டு உள்ளே போனவள், கட்டிலில் சாய்ந்திருந்த பெண்ணின் முகத்தைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்தாள். கன்னமும் இமையும் வீங்கியிருந்தன.

"இன்னா பிரியா, மூஞ்சி இப்பிடி இருக்குது?"

"காலைலருந்து தலவலி அத்தை. கண்ணுல பூச்சி பறக்கற மாரி இருக்குது."

"புள்ளத்தாச்சின்னா அப்பிடித்தான்னு நான்தான் சொன்னேன்," என்றாள் அண்ணி செந்தமிழ்ச்செல்வி, கையிலிருந்த காபியை நீட்டியபடி.

கண்ணகி காபியை வாங்கவில்லை. பையிலிருந்த பிரஷர் கருவியை எடுத்துக் கட்டிப் பார்த்தாள். தப்பாக இருக்கும் என்று இன்னொரு கையிலும் பார்த்தாள். பிறகு குரலை உயர்த்தாமல், "அண்ணி, பிரஷர் ரொம்ப ஏறிக் கெடக்குது. துணிமணிய எடுத்து வையுங்க. இப்பவே பெரியாஸ்பத்திரிக்குப் போவணும். வலிப்பு வந்துட்டா தாய்க்கும் ஆவாது, புள்ளைக்கும் ஆவாது," என்றாள்.

ஆம்புலன்சுக்குப் போன் செய்தார்கள். பக்கத்தில் இருந்த வண்டி வேறொரு விபத்துக்குப் போயிருந்தது. அடுத்தது வர நேரமாகும் என்றார்கள்.

"காத்துக்கினு இருக்க முடியாது. என் வண்டியிலயே போயிடலாம். பின்னாடி சீட்டுல படுக்க வையுங்க."

செந்தமிழ்ச்செல்வியும் அவளுமாகத் தாங்கிப் பிடித்துப் பெண்ணை வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். கண்ணகி பின்கதவைத் திறந்தாள். வயலிலிருந்து ஓடிவந்த ஆதிமூலம், சேற்றுக் கால்களோடு காருக்கும் மகளுக்கும் நடுவில் வந்து நின்றார்.

"இது வேணாம்."

"இன்னாண்ணா?"

"இந்த வண்டி வேணாம். தெருக்கோடி விஜயராகவன் வூட்டுல கார் இருக்குது. கூட்டியாரேன்."

"வண்டி வாசல்ல நிக்குது, இன்னொரு வண்டிக்கு எங்க போற நீ?" என்று கத்தினாள் செந்தமிழ்ச்செல்வி. "புள்ள மூஞ்சப் பாரு!"

"வழியில நின்னுடும்டி! தாங்காது அது!" என்று சொல்லிக்கொண்டே அவர் தெருக்கோடியைப் பார்த்து ஓடினார்.

கண்ணகி கதவைப் பிடித்தபடி நின்றாள். கசியும் வண்டி என்று அவளுக்கும் தெரியும். இன்று காலைதான் அளவு பார்த்து ஊற்றியிருந்தாள். கள்ளக்குறிச்சி வரைக்கும் சமதரை ரோடு. அவளுக்குத் தெரியாத எதுவோ அண்ணனுக்குத் தெரிந்திருக்கிறது. தன் மகளை அரைமணி நேரம் ஏற்றப் பயப்படுகிற வண்டியில்தான் அவள் தினமும் மலையேறி இறங்கிக்கொண்டிருந்தாள். ஆகாஷும் அதில்தான் வந்தான். பச்சைப்பிள்ளைக்காரியும் அதில்தான் வந்தாள்.

யோசிக்கவும் நேரமில்லை. விஜயராகவனின் கார் வந்தது. கண்ணகி பின்னால் ஏறி, பிரியாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். முன்சீட்டில் ஆதிமூலம் உட்கார்ந்தார். கள்ளக்குறிச்சி வரும்வரை அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, பிரஷரை இறக்கி, மாலைக்குள் ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை. எடை குறைவு என்று கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். தாய்க்கு ஆபத்தில்லை, இன்னும் தாமதித்திருந்தால் சொல்லியிருக்க முடியாது என்றார் டாக்டர் அம்மா.

அதைக் கேட்டபிறகுதான் ஆதிமூலம் வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அழுதார். அழுது முடிக்கும்வரை கண்ணகி தள்ளியே நின்றாள். பிறகு பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"வண்டிக்கு இன்னாண்ணா ஆச்சு?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "போன வருசம் கல்லுல ஏறி அடிச்சிடுச்சி. அடியில ஆயில் நிக்கற சேம்பர் ஒடஞ்சிப்போச்சி. பசை வச்சி ஒட்டி, மேல பெயின்ட் அடிச்சிக் குடுத்தான் ஒரு மெக்கானிக்."

"ஒட்டுனவரு இன்னா சொன்னாரு?"

அவர் துண்டை மடித்தார்.

"ண்ணா."

"கீழயே ஓட்டிக்கங்க, மலைக்கு மட்டும் ஏத்தாதீங்கன்னு சொன்னான்."

"மலைக்குப் போவத்தான நான் வண்டியே வாங்குனேன்."

"ஒட்டு நல்லாத்தான் புடிச்சிருந்துது கண்ணகி. இப்பிடியே ஓடிடும்னு நெனச்சேன். நீ ஆயில் ஒழுவுதுன்னு போன் பண்ணப்பவே சொல்லிடணும்னுதான்..."

"வெளியாளுக்கு வித்திருக்கலாமே. ஏன் எனக்கு வித்த?"

அவர் சொல்லாமலே விட்டிருக்கலாம். ஆனால் அன்றைக்கு அவருக்குப் பொய் சொல்லத் தெம்பில்லை.

"வெளியாளுன்னா தெரிஞ்சதும் வாசல்ல வந்து நின்னு சண்ட போடுவான். நீ போடமாட்ட."

சின்ன வயதிலிருந்து அவளைப் பற்றி ஊரே நல்லவிதமாகச் சொன்ன சொல் அது. கண்ணகி சண்டை போடாது. கண்ணகி எதையும் மனசில் வைக்காது. அந்தக் குணத்தைப் பார்த்துத்தான் அண்ணன் கணக்குப் போட்டிருக்கிறார்.

"அந்த வண்டிய யாரும் ஓட்ட வேணாம்," என்றாள் எழுந்தபடி. "எங்கூர் மெக்கானிக் தீனதயாளன் கடைக்குக் கட்டி இழுத்தாந்து வுடு. சரி பண்ணிக் குடு. பண்ணதுக்கப்புறம் நீயே ஓட்டிக்கினு மலைக்கு வரணும். நான் பக்கத்துல ஒக்காந்துக்குனு வருவேன்."

"நானா? மலையில நான் ஓட்டுனது கெடையாதே."

"நானும்தான் ஓட்டுனது கெடையாது. கத்துக்குனன்."

வீட்டுக்கு வந்து இளஞ்செழியனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் சாப்பிட்ட கையைக் கழுவாமல் கேட்டுக்கொண்டிருந்தான். "மச்சான்ட்ட நான் பேசட்டா?" என்றான் கடைசியில். "வேணாங்க. நான் பேசிட்டேன்," என்றாள். தன் வாயால் அப்படிச் சொல்வது அவளுக்கே புதிதாக இருந்தது.

ஆதிமூலம் டிராக்டரில் கட்டி வண்டியை இழுத்துக்கொண்டு வந்தார். தீனதயாளன் அதை மேலே தூக்கி நிறுத்தி, அடியில் இரும்புத் தகட்டால் சுரண்டினார். கருப்பு பெயின்ட் உரிந்தது. உள்ளே காய்ந்த பசை, ஒரு சாண் நீளத்துக்கு. அதைப் பெயர்த்ததும் விரிசல் வாய் பிளந்ததுபோல் தெரிந்தது. மிச்சமிருந்த ஆயில் கொட்டியது.

"எறக்கத்துல இது வுட்டிருந்தா எஞ்சின் புடிச்சி நின்னிருக்கும்ங்க," என்றார் தீனதயாளன். "எஞ்சின் நின்னா பிரேக்கும் கெட்டியாயிடும், ஸ்டேரிங்கும் திரும்பாது. சமதரன்னா ஓரங்கட்டலாம். மலையில எங்க கட்டுறது?"

அவர் யாரையும் குற்றம் சொல்லவில்லை. வண்டி யாருடையது என்றுகூட அவருக்குத் தெரியாது. ஆதிமூலம் அந்த விரிசலைப் பார்த்துக்கொண்டே நின்றார். சேலத்திலிருந்து புதுச் சேம்பர் வரவழைத்துப் பொருத்த ஒரு வாரமானது. ஒவ்வொரு நாளும் அவர் பஸ் ஏறி வந்து பட்டறையில் உட்கார்ந்திருந்தார். தங்கை வீட்டுக்கு மட்டும் வரவில்லை. அவளும் கூப்பிடவில்லை.

வண்டி தயாரான மறுநாள் காலை அவர் ஓட்ட, அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அணையைத் தாண்டும்வரை பிரியாவைப் பற்றியும் குழந்தையைப் பற்றியும் ஏதோ பேசினார்கள். பாதை ஏறத் தொடங்கியதும் பேச்சு நின்றது. ஒரு வளைவில் எதிரே லாரி வந்தது. அவர் பதறி ஓரமாக ஒதுங்கினார். அவள் பக்கத்துச் சக்கரத்துக்கு அப்பால் கொஞ்சம் கல்லும் புல்லும், அதற்கப்பால் வெறும் பள்ளம். கீழே அணைத் தண்ணீர் சின்னதாகத் தெரிந்தது. லாரி போனபிறகும் அவர் வண்டியை எடுக்கவில்லை.

"இந்த வழியிலயா தெனமும் வர்ற?"

"ஆமாம்."

"இருட்டுனப்புறமும்?"

"டூட்டி அப்பிடி."

அவர் முதல் கியரைப் போட்டு மெல்ல எடுத்தார். உச்சி சேரும்வரை கண்ணகி சாலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கே ஹாரன் அடிக்க வேண்டும், எங்கே கியர் மாற்ற வேண்டும் என்று மட்டும் சொன்னாள்.

சுகாதார நிலையத்து வாசலில் வண்டியை நிறுத்திச் சாவியை அவள் கையில் கொடுத்தார்.

"கோவமா இருக்கிறியா?"

"கோவம்தான்."

"எப்ப தீரும்?"

"தெரியலண்ணா." அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "ஞாயித்துக்கெழம பிரியாவுக்குப் பிரஷர் பாக்க வருவேன். அது வேற. அதுக்காவ எல்லாம் சரியாப்போச்சின்னு நெனச்சிக்காத."

அவர் தலையாட்டினார். பஸ் நிற்கும் இடத்தைக் கேட்டுக்கொண்டு, துண்டை உதறித் தோளில் போட்டபடி நடந்தார். முதுகு கொஞ்சம் கூனியிருந்ததை அவள் இதுவரை கவனித்ததில்லை. கூப்பிட்டு ஒரு டீ குடித்துவிட்டுப் போகச் சொல்லலாமா என்று தோன்றியது. கூப்பிடவில்லை.

உள்ளே பெஞ்சில் ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். முதலில், மலையிலுள்ள மேலூரிலிருந்து நடந்தே வந்த சாமியம்மாள் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"வண்டி ஓட்டியாந்தாரே, யாரு சிஸ்டர் அவுரு?"

கண்ணகி பிரஷர் பட்டையை அவள் கையில் சுற்றினாள்.

"எங்க அண்ணன்," என்றாள். "கைய தளர்த்தி வையுங்க. பேசாதீங்க."