கயிற்றுக்கடை மயிலாத்தாள்

மாடுகளுக்கு முன்னால் புழுதி வந்துவிடும், புழுதிக்கும் முன்னால் மணியோசை, திங்கட்கிழமை விடிந்தும் விடியாததுமாக நாலு பக்கத்து மேய்ச்சல் காடுகளிலிருந்தும் மயிலையும் செவலையும் காரியுமாகக் கிளுவங்காட்டூர்ச் சந்தைக்கு இறங்குகின்றன, மயிலாத்தாள் கயிற்றுக்கடை வாசலில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து பார்க்கிறாள், திறந்தால் திடலில் ஒற்றைப் பசுதான் நிற்கும், மூடினால்தானே ஊர் முழுசாக இருக்கிறது, கல்யாணமாகி அவள் வந்தபோது இங்கே ஒரு வேலமரமும் தண்ணீர்த் தொட்டியும்தான், மரத்தடியில் நாலு பேர் மாடு மாற்றிக்கொண்டார்கள், அடுத்த வருஷம் கூட்டம் நெரிந்தது, டீக்கடை வந்தது, லாடம் அடிக்கிறவர் வந்தார், லாட்ஜ் வந்தது, ஒரு பேங்க்கூட வந்து பலகை மாட்டியது, டூரிங் டாக்கீஸில் கதாநாயகி அழும் நேரம் பார்த்து வெளியே ஓர் எருது கத்தும், சனம் விசிலடிக்கும், எல்லோரையும்விட அவள் வீட்டுக்காரர் சென்னியப்பன்தான் உரக்கச் சிரிப்பார், அவர் திரித்த கயிறு இல்லாமல் ஒரு மாடு சந்தையைத் தாண்டியதில்லை, விற்கிறவர் பழைய கயிற்றை அவிழ்த்துத் தன் வீட்டுக்கே கொண்டுபோய்விடுவார், அது போனால் கட்டுத்தறியின் லட்சுமியும் கூடவே போய்விடுமாம், வாங்குகிறவர் புதுக்கயிறு போட்டுத்தான் ஓட்டிப்போக வேண்டும், அந்தப் பழக்கத்தில்தான் குடும்பம் ஓடியது, சென்னியப்பன் கண்ணை மூடிய பிறகும் நன்றாகவே ஓடியது.

பிறகு டிராக்டர் வந்தது, மழை வரவில்லை, ஆட்கள் பனியன் தைக்கத் திருப்பூருக்கு பஸ் ஏறினார்கள், பேங்க் தன் பலகையைக் கழற்றிக்கொண்டது, மகன் அர்த்தநாரியும் போனவன்தான், இன்றைக்கு வேனோடு வந்து நிற்கிறான், இங்க ஆரு இருக்கறாங்கன்னு நீங்க உக்காந்திருக்கறீங்கம்மா, வந்துருங்க என்கிறான், பொழுது சாயறதுக்குள்ள ஒரே ஒரு கயிறு வித்துட்டா நான் இங்கதான், விக்காட்டி மூட்டையக் கட்டறேன், போதுமா கண்ணு என்று வாயை விட்டுவிட்டாள், விட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள், திருப்பூரில் அவனுக்கு மூன்றாவது மாடி, அங்கே உட்கார்ந்து எதைப் பார்ப்பது.

திடலில் சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தாள், காரில் வந்த ஒருவர் பசுவுக்கு விலை பேசி முடித்துவிட்டு, கயித்தோடயே குடுங்க என்கிறார், பசுக்காரர் குப்பண்ணன், மாட்டக் குடுத்தாலும் குடுப்பனே தவிர கயித்தக் குடுக்க மாட்டனுங்க என்கிறார், மயிலாத்தாள் புதுக்கயிற்றோடு ஓடினாள், ஏனுங்க, இதொண்ணு வாங்கிக்குங்க, தாராளமா ஓட்டிட்டுப் போலாம் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னாள், அவரோ, ஒரு கயித்துக்கு இத்தனை சட்டமா, எனக்கு மாடே வேண்டாம் என்று காரில் ஏறிப் போய்விட்டார். குப்பண்ணன் தலையில் கைவைத்து உட்கார்ந்தார், இனி கறிக்கடைக்காரன்தான் கேப்பான் என்றார், பசு கழுத்தை நீட்டிப் புதுக்கயிற்றை முகர்ந்தது, அடுத்த வருஷம் நாமளும் ஒரு மாடு வாங்கறோம் என்று சென்னியப்பன் வருஷா வருஷம் சொன்னது அவளுக்குக் காதில் விழுகிறது, இத்தனை மாட்டுக்குக் கயிறு விற்றும் வீட்டில் ஒரு கன்றுக்குட்டி கட்டியதில்லை, திடலில் கொழுக்கட்டைப்புல் முழங்கால் உயரம் வளர்ந்து மேய ஆளில்லாமல் கிடக்கிறது, அழுகை வரும்போலிருந்தது, சிரிப்புதான் வந்தது, குப்பண்ணா, உங்க கயித்தக் கழட்டுங்க, மாடு எனக்கு என்றாள்.

பொழுது இறங்கும்போது அர்த்தநாரி திரும்பி வந்தான், மூட்டையக் கட்டியாச்சுங்களாம்மா என்று கேட்டான், கயிறு வித்துப்போச்சு கண்ணு என்றாள், ஆருக்குங்கம்மா என்றான், எனக்குத்தான் என்றாள். அவன் பசுவைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், அப்பனைப்போலவே உரக்கச் சிரித்துவிட்டான், அப்ப நான் வெறும் வேனையா ஓட்டிட்டுப் போறது என்று கேட்டான்.

வெறும் வேனை எதுக்கு ஓட்டறே, மொதல்ல ஒரு மூட்டை தவுடு வாங்கியாந்து எறக்கு என்றாள்.