நேராக இழுத்த வலை

வலை மேலே வந்தபோது கேப்டனின் முகம் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது. கப்பல் தளம் முழுக்க மீன் துள்ளியது. வலையை இழுக்கும் வின்ச் ஓட்டுபவர் விசிலடித்தார், சமையல்காரர் கரண்டியும் கையுமாக ஓடி வந்தார். பாதி ஆயுளை மீன்பிடிக் கப்பலில் கழித்த கேப்டனுக்குத் துறைமுகத்தில் ‘மூக்கன்’ என்று பட்டப்பெயர். காற்றை மோந்தே மீன் இருக்கும் இடத்தைச் சொல்லிவிடுவாராம். ஆராய்ச்சிக் கப்பலுக்கு மாறி வந்த முதல் பயணத்திலேயே இப்படி அள்ளிக் கொட்டியாயிற்று, இனி இந்தப் படித்தவர்கள் நம்மைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்வார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டார். பாவம்.

கடலில் மீன் எவ்வளவு என்று கணக்கெடுக்கும் அந்த ஆய்வுக்குத் தலைமை தாங்கிய பெண் மீனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கப்பல் வந்த தடத்தைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தார். நேராக இருந்திருக்க வேண்டிய கோடு நடுவில் தூண்டில் முள் போல வளைந்திருந்தது.

“ஏன் கேப்டன் திருப்புனீங்க?”

“அங்க கூட்டமா இருந்துச்சு மேடம். கண்ணெதிர அவ்வளவு மீன் தெரியும்போது கை சும்மா இருக்குமா?”

“மீனைத் தேடித்தேடிப் போய் வலை போட்டா, கடல் முழுக்க மீனுன்னுதான் கணக்கு வரும். அதை நம்பி எல்லாரும் வந்து வழிச்சு எடுத்துட்டுப் போயிடுவாங்க. அப்புறம் யாருக்கும் ஒண்ணும் மிஞ்சாது.” அவர் குரலை உயர்த்தவே இல்லை. “இது கணக்குல சேராது. நாளைக்கு அதே கோட்டுல மறுபடி இழுப்போம். அப்பவும் வளைஞ்சா, வேற கேப்டனைக் கேக்கறதைத் தவிர எனக்கு வழியில்ல.”

அன்று மாலை போனில் விஷயத்தைக் கேட்ட மனைவி இருமல் வரும்வரை சிரித்தாள்.

“மீன் பிடிக்காம இருக்கிறதுக்குச் சம்பளம் தர்றாங்க. அதைக்கூட உங்களால ஒழுங்கா செய்ய முடியலையா?” பிறகு குரல் இறங்கியது. “என்னங்க, வீட்டுக்கு வர்ற தேதி முன்னாடியே தெரியற வேலை உங்களுக்கு இதுதான் முதல் தடவை. இதை விட்டுடாதீங்க.”

உண்மைதான். பழைய கப்பலில் மீன் கிடங்கு நிறைந்தால்தான் வீடு. இரண்டு பிள்ளைகளும் பிறந்தபோது கிடங்கு நிறைந்திருக்கவில்லை. அதை அவள் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை என்பதால் அவருக்கு இன்னும் வலித்தது.

மறுநாள் வலை இறங்கியது. கொஞ்ச தூரம் போனதும், மீன் இருக்கும் இடத்தைக் காட்டும் திரையின் இடது ஓரத்தில் செக்கச்செவேலென்று ஒரு திட்டு. நேற்றையதைவிடப் பெரிய கூட்டம். சுக்கான் பிடித்திருந்த கை தானாக இடப்பக்கம் அசைந்தது. கேப்டன் சட்டென்று தொப்பியைக் கழற்றித் திரையின் அந்த மூலையில் மாட்டிவிட்டார். கண்ணை மறைத்தாயிற்று, மூக்கை எதை வைத்து மறைப்பது? பல்லைக் கடித்துக்கொண்டு நேராகப் போனார். வேர்த்துக் கொட்டியது.

வலையில் ஒரு நண்டும் விரல் நீளத்தில் சில மீன்களும் வந்தன. வின்ச் ஓட்டுபவர் துக்க வீட்டுக்கு வந்தவர் போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். முன்பெல்லாம் இப்படி ஒரு வலை வந்தால் கேப்டன் யார் கண்ணிலும் படாமல் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். அந்தப் பெண்ணோ மண்டியிட்டு, நண்டை இரண்டு கையாலும் எடுத்துத் தராசில் வைத்தார். அது கவ்வப் பார்த்ததற்குச் செல்லமாகத் திட்டினார்.

“அருமையான இழுப்பு, கேப்டன்.”

கிண்டலா என்று அவர் உற்றுப் பார்த்தார். கிண்டல் இல்லை. கூச்சமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

கப்பல் அடுத்த இடத்துக்குக் கிளம்பியபோது மனைவி கூப்பிட்டாள்.

“இன்னைக்கு என்னங்க கிடைச்சுது?”

“ஒரு நண்டு.”

அவள் கொஞ்சம் யோசித்தாள். “நேரா போனீங்களா?”

கேப்டன் பின்பக்கக் கண்ணாடி வழியே பார்த்தார். கப்பல் விட்டுவந்த நுரை, படிய வாரி வகிடு எடுத்ததுபோல, கண்ணுக்கெட்டிய தூரம்வரை நேராகக் கிடந்தது.