அத்தான் கொடுத்த ரேடியேட்டர்

இன்னும் கட்டாத வீடுகளைக் கட்டி முடித்தது போலப் படமாக்கித் தருவது சின்னவளின் வேலை. சுவரில் விழும் வெயில், தரையில் படியும் நிழல், கண்ணாடிக் கதவின் பளபளப்பு என்று ஒவ்வொன்றையும் கணக்குப் போட்டு வரைவதற்குள் அவளுடைய கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்கும். அதே அறையில், ஒரு தடுப்புக்கு அந்தப் பக்கம், அவள் கணவன் மைக் முன்னால் உட்கார்ந்து புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்வான். குடும்பத்தில் அவனுக்கு ரேடியோ என்றுதான் பெயர். கம்ப்யூட்டரின் விசிறிகள் இரைய ஆரம்பித்தால் ரேடியோ வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். கல்யாணமான புதிதில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். ஒருவர் வேலை செய்ய மற்றவர் சும்மா இருந்தே தீர வேண்டும் என்று ஆனபிறகு யாரும் சிரிக்கவில்லை.

விசிறிகளைக் குறைத்துவிட்டுத் தண்ணீரால் குளிரவைப்பது என்று முடிவெடுத்தவள் சின்னவள். காரில் நடப்பதுதான் இதிலும் நடக்கும். சூட்டை வாங்கிக்கொண்ட தண்ணீர் டியூப் வழியாக ரேடியேட்டருக்குப் போய், ஆறி, திரும்பி வரும். சொல்லும்போது சுலபமாக இருந்தது. பாகங்களைத் தேர்ந்தெடுக்க உட்கார்ந்ததும் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி ஆகிவிட்டது. தடித்த ரேடியேட்டரா, மெல்லியதா? வளையும் டியூபா, சூடு காட்டி வளைக்கும் கெட்டி டியூபா? ரேடியேட்டர் அளவுக்கு அட்டையை வெட்டிப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்தாள். தடித்ததை வைத்தால் கிராபிக்ஸ் கார்டின் மூக்கு இடித்தது. ஒரு விஷயம் மட்டும் அவளுக்கு ஐயமில்லாமல் புரிந்தது. தண்ணீர் தொடுகிற பாகமெல்லாம் செம்பு, பித்தளை என்று ஒரே வகையறாவாக இருக்க வேண்டும். நடுவில் அலுமினியம் புகுந்தால் ஒன்றை ஒன்று அரித்துத் தின்றுவிடும்.

இந்த நேரத்தில்தான் அத்தான் நுழைந்தார். அக்கா பெரியவளின் கணவர். சொந்தத்தில் யார் வீட்டு டிவி பழுதானாலும் அவர் கைபட்டுத்தான் ரிப்பேர் கடைக்குப் போகும். அவரிடம் பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய செட் முழுசாக இருக்கிறதாம், சின்னவள் புதிதாக எதுவும் வாங்கக்கூடாதாம். சின்னவள் தயங்கினாள். பெரியவள் போன் செய்து, அவர் ஆசையாகக் கொடுக்கிறார், வேண்டாம் என்றால் முகம் தொங்கிவிடும், அப்புறம் வீட்டில் இருக்கிற நான்தான் அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்றாள். அக்காவுக்காக இருவரும் அவர் வீட்டுக்குப் போனார்கள்.

துணி அலசும் வாளியில் எல்லாம் கிடந்தது. கண்ணாடி போல இருந்திருக்க வேண்டிய டியூப், சீழ் நிறத்துக்கு மாறியிருந்தது. பிராசஸர் மேல் உட்காரும் செம்புக் கட்டியை அத்தான் திருகித் திறந்து பெருமையாக நீட்டினார். உள்ளே மயிரிழை போன்ற பள்ளங்களில் வெளிறிய பச்சையில் ஏதோ அப்பியிருந்தது. அவர் நகத்தால் சுரண்டியதும் அது சளி போல நூலாக இழுபட்டது. வாரக்கணக்கில் மாற்றாத பூஜாடித் தண்ணீரின் நாற்றம்.

வருஷா வருஷம் தண்ணீர் மாற்றியதாக அவர் சொன்னார். ரேடியேட்டர் என்ன உலோகம் என்று கேட்டாள். இரும்பாக இருந்தால் என்ன, எதுவாக இருந்தால் என்ன, தண்ணீர் போகிறதா இல்லையா என்றார். அதைச் சாய்த்தபோது சாம்பல் நிறக் குழம்பு வழிந்தது. அலுமினியம். எத்தனை காலமாகவோ அரித்துக்கொண்டிருந்திருக்கிறது.

அதையெல்லாம் தூக்கிக்கொண்டு அவர் நேராகச் சமையலறைக்குப் போனார். பால் காய்ச்சும் பாத்திரத்தில் வெந்நீர் பிடித்து, அதற்குள் செம்புக் கட்டியைப் போட்டார். தட்டு தேய்க்கும் ஸ்பாஞ்சால் தேய்த்தார். பச்சை வழுவழுப்பு சிங்க்கில் கிடந்த டம்ளர்களின் மேல் வழிந்தது. கையை உதறிவிட்டு, பாத்திரம் துடைக்கும் துணியில் துடைத்துக்கொண்டார். சின்னவள் அக்காவைப் பார்த்தாள். அக்கா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இது புதிதில்லை என்று அந்த முகமே சொன்னது.

பேச்சை மாற்றத்தானோ என்னவோ, பெரியவள் ஃப்ரிட்ஜைத் திறந்து பழச்சாறு பாட்டிலை எடுத்தாள். அலமாரியிலிருந்து எடுத்த சுத்தமான டம்ளரில் ஊற்றி ரேடியோவிடம் முதலில் கொடுத்தாள். நல்ல சிவப்பு. தொண்டையை வைத்துப் பிழைப்பவன், எப்போதும் எதையாவது குடித்துக்கொண்டே இருப்பான். ஒரு வாய் எடுத்தவன் அப்படியே நின்றான். கண்கள் விரிந்தன. சிங்க்குக்கு ஓடி, அந்தப் பச்சைக் கசண்டின் மேலேயே துப்பினான்.

அத்தான் சிரித்தார். "அடடா, சகலை, அது என்னோட கூலன்ட். கெட்டுப் போகாம இருக்கட்டும்னு உள்ள வெச்சேன்."

"எந்தக் கூலன்ட்? காருக்கு ஊத்தறதா?" என்றாள் சின்னவள்.

"அதேதான். பாதிக்குப் பாதி தண்ணி கலந்தது. ஒரு வாய்தானே, அதுவும் துப்பியாச்சு. இதுக்குப் போய் மூஞ்சிய இப்படி வெச்சுக்கறே?"

கூலன்ட் என்கிற அந்தக் குளிர்விக்கும் திரவத்தைப் பற்றி அவள் நிறையப் படித்திருந்தாள். இனிப்பாக இருக்கும் என்பதும், உள்ளே போனால் சிறுநீரகத்தைத் தின்றுவிடும் என்பதும் தெரியும். வாய் கொப்பளிக்கச் சொல்லிவிட்டு ரேடியோவை நேராக ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். ரத்தம் எடுத்தார்கள். சாயங்காலம் வரை படுக்க வைத்தார்கள். துளித் துளியாக ஊசி மருந்து ஏறுவதைப் பார்த்தபடி சின்னவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். விழுங்கியது ஏறக்குறைய ஒன்றுமில்லை, பயப்பட வேண்டாம் என்று டாக்டர் சொல்லும்வரை அவள் அந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை.

அத்தானும் பின்னாலேயே வந்திருந்தார். நர்ஸிடம் அதை ஒரு ஜோக்காகச் சொன்னார். மனுஷன் மோந்து பார்க்காமலா குடிப்பான் என்று டாக்டரிடம் கேட்டார். காலையில் கண்ட பச்சைச் சளியை விட அந்தச் சிரிப்புதான் சின்னவளுக்குக் குமட்டியது. வாசலுக்கு வந்ததும், ரேடியேட்டரைக் காரில் ஏற்றிவிடட்டுமா என்று வேறு கேட்டார்.

"உங்க சாமான் எதுவும் எனக்கு வேண்டாம் அத்தான்."

"ஏன்? நல்லாக் கழுவிட்டா போச்சு."

"நீங்க கழுவின லட்சணத்தைத்தான் பார்த்தேனே."

அவர் முகம் தொங்கியது. தொங்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் பெரியவள் போன் செய்தாள். "என் கையாலதான்டி ஊத்திக் குடுத்தேன். எத்தனை தடவை கழுவினாலும் பிசுபிசுன்னு இருக்கற மாதிரியே இருக்கு" என்றாள். ஃப்ரிட்ஜை முழுக்கக் காலி செய்தாளாம். பால் பாத்திரம், ஸ்பாஞ்ச், துணி, சிங்க்கில் கிடந்த டம்ளர்கள் எல்லாம் குப்பைக்குப் போய்விட்டன. அந்த பாட்டில் எப்போதிலிருந்து உள்ளே இருந்தது என்று கேட்டதற்கு அவருக்கு ஞாபகம் இல்லையாம். நல்ல கூலன்ட்டைக் கொட்டிவிட்டாயே என்று மட்டும் கோபித்துக்கொண்டாராம்.

சின்னவள் எல்லாவற்றையும் புதிதாகவே எடுத்தாள். மெல்லிய செம்பு ரேடியேட்டர் இரண்டு, மெதுவாகச் சுற்றும் பெரிய விசிறிகள், கனமான பம்ப், அடியில் சின்னக் குழாய் வைத்த தொட்டி. நினைத்தபோது பழைய தண்ணீரை வடித்துவிடலாம். அழகழகான வண்ணத் திரவங்களின் படங்களைப் பார்த்தாலே வாய்க்குள் புளித்தது. நிறமே இல்லாததை வாங்கினாள்.

பொருத்துகிற அன்று பெரியவள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். இருவரும் தரையில் உட்கார்ந்தார்கள். டியூபின் முனையை வெந்நீரில் இளக்கிக் கொடுப்பது பெரியவள், அழுத்தி மாட்டுவது சின்னவள். வெந்நீருக்குப் பெரியவள் தன் பையிலிருந்தே ஒரு பழைய கிண்ணத்தை எடுத்தாள். இங்கிருந்து எதையும் தொட மாட்டேன் என்றாள். பம்பை மட்டும் ஓடவிட்டு, மூட்டுகளின் கீழே காகிதத்தைப் பரப்பி, இருவரும் குனிந்து பார்த்தார்கள். ஓரிடத்தில் கசிந்தது. சின்னவள் அந்த மூட்டின் ஃபிட்டிங்கை இன்னும் ஒரு சுற்று இறுக்கினாள். அப்புறம் காகிதம் காய்ந்தே இருந்தது. தடுப்புக்கு அந்தப் பக்கம் ரேடியோ இடைவெளியே இல்லாமல் ஓர் அத்தியாயம் முழுக்க வாசித்து முடித்தான்.

பெரியவளின் போன் அடித்தது. அத்தான். வேலை எப்படி வந்திருக்கிறது, தான் வந்து ஒருமுறை சரிபார்க்கட்டுமா என்று கேட்பது வெளியே வரை கேட்டது.

"வேண்டாம்," என்றாள் பெரியவள். "நானும் இன்னைக்கு வரல. உங்களுக்குச் சாப்பாடு வேணும்னா, முதல்ல அந்த சிங்க்கைத் தேய்ச்சு வைங்க."

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, இளக்கித் தர இன்னும் டியூப் மிச்சம் இருக்கிறதா என்று தங்கையைக் கேட்டாள்.