மாரோலோப்பின் நெற்றிமுடி

அன்று இந்தோனேசியாவின் மேடான் நகர மருத்துவமனையின் திசுப் பரிசோதனை அறையில் இருந்தவர்கள் நான்கு பேர்: மாரோலோப், அவர் மகள் தியுர், தியுரின் தாய்மாமன் ஜொந்தார், நுண்ணோக்கிக்கு முன்னால் டாக்டர் ரொஸ்தினா.

நான்கு மணி நேரம் பேருந்தில் வந்திருந்தும் மாரோலோப் நாற்காலியில் சாயவில்லை. உள்ளுக்குள்தான் எல்லாம் ஓய்ந்து கிடந்தது. தியுரின் மூக்கோரம் மிளகு மிளகாக முளைத்திருந்த கட்டிகளில் ஒன்றைக் கிள்ளிச் சோதித்ததில், புற்றாக இருக்கலாம் என்று அறிக்கை வந்திருந்தது. திங்கட்கிழமை பாதி மூக்கை வெட்டி எடுப்பதாக ஏற்பாடு. அதற்குள் டாக்டரே கூப்பிட்டனுப்பியிருந்தார்.

"ஒரே முகத்துல இத்தனை கட்டின்னா, இது புத்துதானான்னு எனக்குச் சந்தேகமா இருக்கு, அமாங்," என்றார் டாக்டர், கண்ணைக் கசக்கியபடி. தகப்பன் வயதுக்காரர்களை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள். "மயிர்க்கால்ல வர்ற கட்டி ஒண்ணு இருக்கு. ரொம்ப அபூர்வம், ஆனா ஒண்ணும் செய்யாது. கிள்ளின துளியில பாத்தா அதுவும் புத்து மாதிரியே தெரியும். ஆனா அது பரம்பரையா வரும். வீட்ல வேற யாருக்காவது இருந்துச்சா?"

"படிவத்துலயே எழுதியிருக்கேனே. இல்ல."

"பதினாலு தலைமுறையும் மச்சானுக்கு மனப்பாடம், டாக்டர். கேட்டுப் பாருங்க, மூச்சு விடாம ஒப்பிப்பாரு," என்றார் ஜொந்தார்.

"சொல்லுங்க, அமாங்."

அவர் சொன்னார். ஒவ்வொரு பெயருக்கும் டாக்டர் ஒரு கட்டம் போட்டார். பதினான்கு கட்டங்கள்.

"அத்தனையும் ஆம்பளைங்க. உங்கம்மா எங்க?"

அவர்கள் வம்சாவளி தந்தை வழியில் மட்டும்; அதில் தாய்க்கு இடமில்லை. வீட்டு முன்னறைப் படத்தில் அவள் முகம் வழுவழுவென்று இருக்கும். கட்டிகளையெல்லாம் அழித்துத் தரும்படி படக்கடையில் சொன்னவர் மாரோலோப்தான்.

"விடுங்கப்பா," என்றாள் தியுர். "பாதி மூக்கோட நான் இருந்துக்கறேன். நம்ம குலத்துப் பேரு முழுசா இருக்கும்ல?"

மாரோலோப் நெற்றியில் படிந்திருந்த முடியை இரண்டு கையாலும் மேலே தூக்கினார். கீழே வரிசையாகக் கட்டிகள்.

"அட மச்சான்! அறுபத்தெட்டு வயசுல இது என்ன ஸ்டைலுன்னுல்ல நெனச்சேன்!"

"வாய மூடு, ஜொந்தார். எனக்குப் பதினஞ்சு வயசுல வந்துச்சு, டாக்டர். அம்மாவுக்கு மூக்கு முழுக்க இருந்துச்சு. அவங்கப்பாவுக்கும்."

டாக்டர் மாரோலோப்பின் கடைசிக் கட்டத்துக்கு மேலே, அவர் தாய்க்கென்று ஒரு வட்டம் போட்டார். "திங்கட்கிழமை அறுவைய நிறுத்தச் சொல்றேன். உங்க ரெண்டு பேருகிட்டயும் ஆழமா ஒரு துண்டு எடுத்துப் பாத்துடலாம்."

எட்டாம் நாள் முடிவு வந்தது. தியுரின் மூக்கு அப்படியே இருக்கிறது.

மாரோலோப் குடும்பத்தில் தொழுநோய் என்றும், டாக்டர் அதை மறைத்துவிட்டார் என்றும் கள்ளுக்கடையில் பேசிக்கொள்கிறார்கள். தவறு. தொழுநோயும் இல்லை, புற்றும் இல்லை. மயிர்க்கால் கட்டி, நான்கு தலைமுறையாக இருக்கிறது. மறைத்தது டாக்டர் அல்ல, மாரோலோப்.