முழங்காலுக்குப் போன பெற்றோல்

"தங்கச்சி வாறாளாம். ஆனால் பஸ்ஸிலையும் வரமாட்டாளாம், ரெயிலிலையும் வரமாட்டாளாம். மோட்டச் சைக்கிளைக் கொண்டு வரட்டாம்."

என் மனைவி பூரணத்தின் தமையன் இதைச் சொல்லிவிட்டுத் தேத்தண்ணீர் குடித்தார். காரணம் சொல்லவில்லை. அது எனக்குத் தெரியும். ஐந்தாம் மாதத்தில் பிள்ளை தங்காமல் போய்விட்டது. உடம்பு தேறச் சாவகச்சேரியில் தாய்வீட்டுக்குப் போனவள் மாரி முழுவதும் அங்கேயே இருந்துவிட்டாள். இனி அங்கிருந்து எங்கள் வீடிருக்கும் மானிப்பாய் வரை பஸ்ஸில் ஏறுகிற ஒவ்வொரு பெண்ணும் முதலில் அவள் வயிற்றைப் பார்ப்பாள், பிறகு முகத்தைப் பார்ப்பாள், பிறகு கேட்பாள். கேட்பது நம் ஊரில் அன்புதான். ஆனால் என் மனைவிக்கு அன்பைத் தாங்கத் தெம்பில்லை.

என்னுடைய மோட்டச் சைக்கிள் ஓடும்போது பின்னால் இருப்பவரிடம் யாரும் எதுவும் கேட்கமுடியாது. அந்த வண்டியின் ஒரே நற்குணம் அதன் சத்தம். போன யுத்தம் முடிந்த கையோடு பிறந்தது. முதலில் ஒரு வெள்ளைக்காரத் துரை வைத்திருந்தார், பிறகு கோட்டுக்குப் போகிற ஒரு புரொக்டர், கடைசியில் பள்ளிக்கூட வாத்தியாராகிய நான். வண்டிக்கு வயது போகப்போக அந்தஸ்தும் குறைந்துகொண்டே வந்தது.

இந்த இரண்டாவது உலக யுத்தத்தில் பெற்றோல் கூப்பனுக்குத்தான். எனக்குக் கிடைக்கிற பெற்றோலில் சாவகச்சேரிக்குப் போய், அங்கே நின்று மானிப்பாய்த் திசையைப் பார்த்துப் பெருமூச்சு விடலாம். ஆகவே அதை இழுத்து நீட்டும் வித்தையில் இறங்கினேன். தாங்கியில் பாதிக்குமேல் மண்ணெண்ணெய் கலந்தேன். வண்டி சூடாயிருந்தால் அதையும் குடிக்கும். குளிர்ந்துபோனால் சுத்தமான பெற்றோல் காட்டினால்தான் கண் திறக்கும். அதற்கென்று ஒரு சோடாப் போத்தல் நிறையப் பெற்றோலைத் தனியாக வைத்தேன். தொடங்குவதற்குக் கொஞ்சம், மிச்சம் கடைசி மைல்களுக்கு. பாரம் குறைய முன் மட்காட்டைக் கழற்றினேன். ரயருக்குக் கல்லுப்போலக் காற்றடித்தேன். இறக்கத்தில் என்ஜினை நிறுத்திவிட்டு உருளவேண்டும் என்று ஒரு பழைய இங்கிலீஷ் சஞ்சிகையில் படித்தேன். யாழ்ப்பாணத்தில் இறக்கத்துக்கு எங்கே போவது? நாவற்குழிப் பாலத்தில் ஒன்று உண்டு. நான் தும்மி முடிப்பதற்குள் அது முடிந்துவிடும்.

தை மாதத்துச் சனிக்கிழமையொன்றில் வாடைக்காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். பூரணம் மெலிந்திருந்தாள். "வந்திட்டீங்களோ," என்றாள். "வண்டி வந்திட்டுது. நான் அதுக்குத் துணைக்கு வந்தனான்," என்றேன். அவள் சிரிக்கவில்லை. நானும் அதை நல்ல பகிடி என்று சொல்லமாட்டேன்.

மறுநாள் காலை வெளிக்கிடும்போது போத்தலைக் காணவில்லை.

"மாமா, இதிலை வைச்ச சோடாப் போத்தல் எங்கை?"

"அது நேற்றே வெளிக்கிட்டிட்டுது," என்றார் என் மாமனார் மார்க்கண்டு.

"எங்கை?"

"மேற்காலை. இண்டைக்கு ஞாயிறு, மேற்கே சூலம். பிள்ளையை எப்பிடி அனுப்புறது? அதுதான் நேற்றுப் பின்னேரமே பிரஸ்தானம் வைச்சிட்டன். மேற்குப் பக்கத்து அயல்வீட்டுத் தம்பிராசாவிட்டை இருக்கு. இனி உம்மடை பயணம் இண்டைக்குத் தொடங்கினதில்லை. நேற்றுத் தொடங்கினதிலை மிச்சம்."

ஆகாத நாளில் பயணம் போகவேண்டி வந்தால், கொண்டுபோகிற பொருளொன்றை முதல்நாளே அந்தத் திசையிலுள்ள வீட்டில் வைத்துவிடுவது வழக்கம். பொருள் புறப்பட்டால் ஆளும் புறப்பட்டதாகக் கணக்கு. மற்றவர்கள் ஒரு சால்வையையோ குடையையோ வைப்பார்கள்.

"சீலையை வைச்சிருக்கலாமே, மாமா."

"இந்தப் பயணத்துக்கு எது முக்கியமெண்டு யோசிச்சுத்தான் வைச்சனான்," என்றார். அதில் பிழை சொல்ல முடியவில்லை. முதற்பிள்ளையை இழந்த மகளைச் சூலத்தில் அனுப்ப எந்தத் தகப்பனுக்கு மனம் வரும்?

வண்டியைத் தள்ளிக்கொண்டு தம்பிராசா வீட்டுக்குப் போனோம். அவர் வாசலில் கால் இரண்டையும் நீட்டி வெயில் காய்ந்துகொண்டிருந்தார். முழங்கால்கள் பளபளத்தன.

"வாரும் தம்பி. உது எங்கை வாங்கின தைலம்? பூசின உடனை குளிருது, பிறகு நல்லா எரியுது. என்ரை மனிசிக்கும் பூசிவிட்டனான். மாமனார் உம்மடை போத்தலெண்டு தந்தவர், என்ரை முழங்கால் வாதம் தெரிஞ்ச மனிசன், அதுக்குத்தானெண்டு விளங்கீட்டுது."

"மிச்சம் இருக்கோ, அண்ணை?"

"அரைவாசி கிடக்கு. ராவைக்கும் பூசலாமெண்டு வைச்சிருக்கிறன்."

"ராவைக்கு விளக்கடிக்குப் போகாதேங்கோ," என்று சொல்லி அரைவாசியை வாங்கிக்கொண்டேன்.

பூரணம் சீலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. மாதக்கணக்காக வராத, என் பகிடிக்கும் வராத சிரிப்பை அந்த முழங்கால்கள் வரவழைத்துவிட்டன. என் சந்தோஷத்துக்கு அந்த அரைப்போத்தல் கணக்கில்லை. வண்டிக்குக் கணக்கிருந்தது.

கைதடி தாண்டும்வரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. வாடை முதுகில் தள்ளியது. சந்திகளில் பெண்கள் வாய் திறந்தார்கள். எங்கள் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. பூரணத்தின் கை என் சட்டையைப் பிடித்திருந்தது. நாவற்குழி இறக்கத்தில் என்ஜினை நிறுத்தி ஒரு மேசைக்கரண்டி பெற்றோல் மிச்சம்பிடித்தேன். செம்மணி வெளியில் வண்டி இரண்டு தரம் இருமியது. பிறகு நின்றுவிட்டது.

காற்றின் சத்தம்தான் இருந்தது. இரண்டு பக்கமும் உப்பு வெளி, ஒரு மரமில்லை. அரைவாசியையும் காலையிலேயே ஊற்றியாயிற்று; இருந்தும் போத்தலைக் கவிழ்த்தேன். பெற்றோல் மணம் மட்டும் வந்தது.

"நீ இரு, நான் தள்ளுறன்."

"வேண்டாம். இறங்கி நடக்கிறன்."

கொஞ்சத் தூரம் தள்ளுவதற்குள் எனக்கு நாக்குத் தள்ளியது. பின்னாலிருந்து ஒரு பெண் வந்து எங்களை எட்டிப்பிடித்தாள். குருநகரில் மீன் விற்கும் செபஸ்தியம்மா என்று தானே சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை என்றபடியால் அவளுடைய கடகத்தில் மீன் இல்லை, நாவற்குழி மகள் வீட்டு முருங்கைக்காய்தான் இருந்தது.

"தள்ளிக்கொண்டு போறதுக்கோ ஐயா உதை வாங்கினனீங்கள்?"

"ஓமணை. ஏறி ஓடினால் தேஞ்சுபோம்."

அவள் என்னைப் பொருட்படுத்தவில்லை. பூரணத்தைப் பார்த்தாள். முதலில் வயிற்றை, பிறகு முகத்தை. நான் அவசரமாக, வண்டிக்குச் சூலம் பிடித்த கதையைத் தொடங்கினேன்.

"என்ன பிள்ளை, முழுகாமலிருக்கிறியோ? நடக்கிறாய்?"

என் கதை பாதியில் நின்றது.

"இல்லையக்கா," என்றாள் பூரணம். "இருந்தனான். அஞ்சாம் மாசம் போட்டுது."

செபஸ்தியம்மா அச்சச்சோ சொல்லவில்லை. கடவுள் பெயரும் சொல்லவில்லை. கடகத்தை வண்டியின் ஆசனத்தில் இறக்கிவைத்து, பின்பக்கத்தைப் பிடித்துத் தள்ளத் தொடங்கினாள். கொஞ்சத் தூரம் போனபின் கேட்டாள்.

"என்ன பேர் வைக்கிறதெண்டு இருந்தனீ?"

"பொம்பிளைப்பிள்ளையெண்டால் அருந்ததி," என்றாள் பூரணம்.

எனக்கு அந்தப் பெயர் தெரியாது. ஒருநாளும் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதுதான் உபகாரம் என்று நினைத்துக்கொண்டு, மண்ணெண்ணெய் கலந்துகொண்டிருந்திருக்கிறேன்.

பெட்டையெண்டு எப்படி நினைத்தாய் என்று செபஸ்தியம்மா கேட்டாள். பூரணம் சொன்னாள். எந்தப் பக்கம் உதைத்தது, எந்த நாளில் உதையாமல் விட்டது, எல்லாம் சொன்னாள். இடையில் அழுதாள், அழுதுகொண்டே நடந்தாள். நான் ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு முன்னே பார்த்தபடி, ஒரு சொல்லும் தவறவிடாமல் தள்ளினேன். யாழ்ப்பாணத்துப் பஸ் எங்களைக் கடந்துபோனது. பூரணம் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை.

பட்டணத்துச் சந்தியில் செபஸ்தியம்மா கடகத்தைத் தூக்கிக்கொண்டாள். நாலு முருங்கைக்காயைப் பூரணத்தின் கையில் வைத்துவிட்டு, தன் பக்கத்துத் தெருவில் இறங்கினாள்.

மானிப்பாய்க்கு இன்னும் தூரம் கிடந்தது. எனக்கு முதுகு விட்டுப்போயிருந்தது.

"வண்டியை இஞ்சை தெரிஞ்ச ஒரு வீட்டிலை விட்டிட்டு பஸ்ஸிலை போவமோ?" என்று மெல்லக் கேட்டேன்.

"வேண்டாம்," என்றாள் பூரணம். செபஸ்தியம்மா பிடித்த இடத்தில் தானே கையை வைத்தாள். "இன்னும் கொஞ்சம் கதைக்கக் கிடக்கு."